மூன்றாவது முறையும் குடல்புண்: அப்பாவுக்கு ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளலாமா?

தறிவீட்டுப் பெண், பல்லடம்

வணக்கமுங்க. அப்பாவுக்கு 58 வயது. எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறோம். இரவு ஷிப்டுக்கு ஆள் கிடைப்பதில்லை. அதனால் முக்கால்வாசி நாள் அவரேதான் விடிய விடியத் தறிக்குடோனில் நிற்பார். ஆறு வருடத்தில் இது மூன்றாவது குடல்புண். முதல் இரண்டு தடவையும் எண்டோஸ்கோப்பி பார்த்து, அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை மாதத்தில் சரியாகிவிட்டது. இந்தத் தடவை அப்படிப் போகவில்லை.

போன மாதம் ஒரு நாள் காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், "கண்ணு, தண்ணி கொண்டா" என்றார். நான் சொம்போடு வருவதற்குள் சுவரோடு சாய்ந்துவிட்டார். முகம் பாவுநூல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அம்மா பாத்ரூமுக்குள் போய்ப் பார்த்தால், ரோட்டுக்கு ஊற்றுவார்களே அந்தத் தார் போல மலம். இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றியும் பீங்கானை விட்டுப் போகவில்லை. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் ஹீமோகுளோபின் 6.8. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். முன்சிறுகுடலில் புண் இருந்தது, எண்டோஸ்கோப்பி வழியாகவே ஊசி போட்டு, கிளிப் மாட்டி ரத்தத்தை நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது சர்ஜன், "மூன்று தடவை வந்துவிட்டது. இனியும் வந்தால் ஆபரேஷன்தான். இப்போதே செய்துகொண்டாலும் சரி, யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

எங்களுக்குப் பயம் எதனால் என்றால், அப்பாருவுக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, 1979-ல் இதே குடல்புண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. எனக்கு நினைவு தெரிந்து அவர் ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நாலு வாய் சாப்பிட்டவுடன் வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கிறது என்று கயிற்றுக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வார். கடைசி வரை 42 கிலோதான். அப்பா அதை நேரில் பார்த்து வளர்ந்தவர். "அப்பன் மாதிரி ஆவதற்கு இந்த வலியோடவே இருந்துட்டுப் போறேன்" என்கிறார்.

அம்மா ஆறு வருடமாக வீட்டில் மிளகாயைக் கண்ணில் காட்டவில்லை. புளி இல்லை, வறுவல் இல்லை, மூன்று வேளையும் தயிர்ச்சோறு, மோர்ச்சோறு. அப்படியிருந்தும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், வீட்டில் யாருக்காவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். அப்புறம் எப்படி இருந்தீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.


நொய்யல்கரை, சென்னிமலை

ஆபரேஷன் வேண்டாமுங்க. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் கடைந்து காலையில் வெறும் வயிற்றில் ஒரு மண்டலம் கொடுங்கள். என் மாமியாருக்கு வாய்ப்புண்ணும் வயிற்றெரிச்சலும் இதில்தான் நின்றது. அதோடு அப்பாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். தறிக்காரர்கள் டீயிலேயே ராத்திரியை ஓட்டிவிடுகிறார்கள்.


பனியன் கம்பெனி அண்ணன், திருப்பூர்

எனக்கு ஆபரேஷன் நடந்திருக்கிறது தங்கச்சி, ஆனால் அது யோசித்துச் செய்துகொண்டதில்லை. 34 வயதில், ராத்திரி பதினொன்றரைக்கு கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேல்வயிற்றில் யாரோ கத்தரியை இறக்கின மாதிரி ஒரு வலி. ஒரு விநாடி முன்னால் வரை ஒன்றும் இல்லை. அப்படியே மண்டி போட்டுவிட்டேன். மூச்சு விட்டால் வலி, அசைந்தால் வலி. வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்ததில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிந்தது. குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அர்த்தம். விடிவதற்குள் வயிற்றைத் திறந்து, உள்ளே கசிந்ததையெல்லாம் கழுவி, கொழுப்புத் திரையில் ஒரு துண்டை இழுத்து ஓட்டை மேல் வைத்துத் தைத்தார்கள். அவ்வளவுதான், நரம்பையும் தொடவில்லை, இரைப்பையையும் வெட்டவில்லை. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அப்புறம் புண்ணை உண்டாக்குகிற கிருமிக்கு 14 நாள் மாத்திரை. அதோடு பீடியையும் விட்டேன். ஏழு வருடமாகிறது, எல்லாம் சாப்பிடுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ஆபரேஷன் என்றாலே உங்கள் அப்பாருவின் ஆபரேஷன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவுக்குத் திடீரென்று அந்தக் கத்தரி வலி வந்தால், கீரையும் கசாயமும் பார்க்காமல் உடனே வண்டியை எடுங்கள். அதில் மணிக்கணக்குத்தான் உயிர்.


வாய்க்கால்மேட்டு விவசாயி, கோபி

அம்மிணி, உங்கள் அப்பாருவைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்ததும் என்னைப் பற்றி யாரோ எழுதியது போலிருந்தது. எனக்கு 66 வயது. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் போடுகிறவன். 1986-ல், 27 வயதில், எனக்கு அந்த ஆபரேஷன் நடந்தது. கிட்டத்தட்ட நாற்பது வருடம் அதோடு வாழ்ந்துவிட்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்தது ரத்தப்போக்கு இல்லை, அடைப்பு. 19 வயதிலிருந்தே பசித்தால் வலிக்கும். ராத்திரி இரண்டு மணிக்குச் சரியாக எழுப்பிவிடும். ஒரு டம்ளர் பால் குடித்தால் அடங்கும். அப்படியே எட்டு வருடம் ஓட்டினேன். புண் வருவதும் ஆறுவதுமாக இருந்து, தழும்பேறி, இரைப்பையின் கீழ்வாசல் சுருங்கிப்போனது. கடைசி நாலு மாதம் தின்றது எதுவும் இறங்கவில்லை. முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்ட கொள்ளு மறுநாள் பொழுது சாய வாந்தியில் முழுசு முழுசாக வரும். புரண்டு படுத்தால் அரைக்குடம் தண்ணீர் போல வயிறு அலம்பும், பக்கத்தில் படுத்திருக்கிற என் வீட்டுக்காரிக்கே கேட்கும். விரலை விட்டு எடுத்தால்தான் நிம்மதி. வாய்க்கால் கரையில் உட்கார்ந்து தினமும் அதைத்தான் செய்தேன். 61 கிலோ இருந்தவன் 44-க்கு வந்தேன்.

ஈரோட்டில் பேரியம் மாவைக் கரைத்துக் குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். இரைப்பை பை போல இடுப்பெலும்பு வரை தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நாள் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கழுவினார்கள். அப்புறம் ஆபரேஷன். நெஞ்சுக்குழிக்குக் கீழிருந்து தொப்புள் வரை ஒரே கீறல். அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் வேகஸ் நரம்பை இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு, சிறுகுடலை மேலே இழுத்து இரைப்பையோடு சேர்த்துத் தைத்துப் புது வாசல் வைத்தார்கள். நரம்பை வெட்டினால் சாப்பாட்டைக் கீழே தள்ளுகிற வேலையும் கெட்டுப்போகும், அதனால் வாசல் வைத்தே ஆக வேண்டும். உங்கள் அப்பாருவுக்கும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்திருக்கும். அந்தக் காலத்தில் நம் பக்கம் குடல்புண்ணுக்கு அதிகம் செய்தது இதைத்தான்.

ராத்திரி வலி அன்றோடு போய்விட்டது. அதை நான் மறைக்க மாட்டேன். எட்டு வருடத்துக்குப் பிறகு இரண்டு மணியைத் தாண்டித் தூங்கினேன்.

வேறு தொல்லை மூன்றாம் மாதம் வந்தது. மச்சினன் கல்யாணம். பந்தியில் முதலில் ஒப்பிட்டு, அதாவது போளி, அதன் மேல் நெய். ஒன்றரை ஒப்பிட்டு தின்றேன், பாயசம் ஒரு டம்ளர். இலையை மடிக்கவில்லை, காது அடைத்தது. சட்டை முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு வேர்வை, நெஞ்சு டீசல் மோட்டார் மாதிரி அடிக்கிறது, வயிற்றில் முறுக்கு. மண்டபத்துப் பின்னால் நெல்மூட்டை மேல் படுத்தேன். அரை மணி நேரத்தில் பேதி. அதோடு விட்டதா என்றால், இரண்டு மணி நேரம் கழித்துக் கைகால் நடுங்கிக் கண் இருட்டியது. சாவு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

டாக்டர் சொன்னது எனக்குச் சட்டென்று புரிந்தது, ஏனென்றால் நான் வாய்க்கால்காரன். இரைப்பைக்குக் கீழே ஒரு மதகு இருக்கிறது. சாப்பாட்டைக் கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடும். எனக்கு அந்த மதகைச் சுற்றிக்கொண்டு கரையை வெட்டி வழி விட்டாகிவிட்டது. இனிப்பும் சாறுமாகத் தின்றால் மொத்தமும் ஒரே மூச்சில் சிறுகுடலில் போய் விழும். அந்தச் சர்க்கரைக் கரைசலை நீர்க்க வைக்க உடம்பு ரத்தத்திலிருந்து தண்ணீரை இழுத்துக் குடலுக்குள் விடும், அதனால் முதல் படபடப்பு. சர்க்கரை ஒரேயடியாக ரத்தத்தில் ஏறியதும் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து அதைக் கீழே தள்ளிவிடும், அதனால் பிந்தின நடுக்கம். டம்பிங் என்று பெயர். அப்பாரு கட்டிலில் படுத்தது சோம்பலாலும் இல்லை, பலவீனத்தாலும் இல்லை அம்மிணி. படுத்தால் சாப்பாடு மெதுவாக இறங்கும். யாரும் சொல்லாமலே அவர் உடம்பு கண்டுபிடித்த வைத்தியம் அது.

சாப்பிடக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. அரிசியும் பருப்பும் சாதம் ஒரு கரண்டி, கெட்டியாக, ரசமோ மோரோ ஊற்றாமல். கூடவே ஒரு முட்டை அல்லது பச்சைப்பயிறு கடைந்தது. தண்ணீர் சாப்பாட்டோடு கிடையாது, அரை மணி நேரம் முன்னால் அல்லது முக்கால் மணி நேரம் பின்னால். ஒரு நாளைக்கு ஆறு வேளை. காட்டுக்குப் போகும்போது துண்டு முனையில் வறுத்த கடலை முடிந்து என் வீட்டுக்காரி கொடுப்பாள். பத்தரை மணிக்கு அது ஒரு வேளை. இருபது நிமிடம் சாய்ந்து படுப்பேன். கருப்பட்டிக் காப்பி, கரும்புச்சாறு, பாயசம் மூன்றையும் விட்டேன். 44 கிலோ 55 ஆனது, இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. உழைக்கப் போதும்.

2004-ல் இன்னொன்று. மேட்டுக்காட்டுக்கு ஏறினால் மூச்சு வாங்கியது. நாக்கு வழவழவென்று சிவந்து கிடந்தது. பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி. ஹீமோகுளோபின் 7. இரும்புச்சத்தை உடம்பு வாங்கிக்கொள்ளும் இடம் முன்சிறுகுடல்; என் சாப்பாடு பதினெட்டு வருடமாக அந்த வழியாகப் போகவே இல்லை. பி12 சத்துக்கும் இரைப்பையின் அமிலம் வேண்டும். இதை யாராவது 1986-லேயே சொல்லியிருந்தால் வருடம் ஒரு தடவை ரத்தம் பார்த்திருப்பேன். இப்போது மாதம் ஒரு பி12 ஊசி போட்டுக்கொள்கிறேன், இரும்பு மாத்திரையும் உண்டு. காலில் அந்த எறும்பு ஊர்கிற உணர்வு முக்கால்வாசி போய்விட்டது, மீதி போகவில்லை. தாமதமாகக் கண்டுபிடித்ததன் மிச்சம் அது.

இனித்தான் உங்களுக்கு வேண்டிய விஷயம். 2011-ல் பழைய வலி திரும்ப வந்தது. எண்டோஸ்கோப்பியில் பார்த்தால், தைத்து வைத்த புது வாசல் ஓரத்திலேயே புண். நரம்பை வெட்டி, வாசல் வைத்து, இருபத்தைந்து வருடம் சோற்றை அளந்து தின்றவனுக்குத் திரும்பவும் புண்! அந்தச் சின்ன வயது டாக்டர் துளி சதை எடுத்துப் பரிசோதித்தார். ஹெலிகோபேக்டர் பைலோரி என்கிற கிருமி இருந்தது. தோள்வலிக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டார். மருந்துக்கடையில் வாங்கி ஏழெட்டு மாதமாக டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டில் எது காரணம் என்று பிரிக்கவில்லை, இரண்டையும் ஒழித்தோம். தோள்வலி மாத்திரையை நிறுத்தி, கிருமிக்கு 14 நாள் மருந்து. அத்தோடு சரி. இன்றுவரை புண் இல்லை.

அவர்தான் அந்த ஆஸ்திரேலியக் கதையைச் சொன்னார். பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்று இரண்டு டாக்டர்கள். 1982-ல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். அமிலத்தில் கிருமி எப்படி வாழும் என்று பெரும்பாலோர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்து, எண்டோஸ்கோப்பியில் நிரூபித்தார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. நான் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வாய்க்கால் கரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் குடித்தது 1984. என்னை அறுத்தது 1986. எனக்கு அறுத்த டாக்டர் மேல் வருத்தம் இல்லை. எனக்கு வாசலே அடைத்துப் போயிருந்தது, அன்றைக்கு அதைத் திறக்காவிட்டால் பட்டினியில் செத்திருப்பேன். ஆனால் அதற்கு முந்தின எட்டு வருடம், அந்த 14 நாள் மாத்திரை மட்டும் இருந்திருந்தால்.

அதனால் அம்மிணி, கத்திக்குக் கையெழுத்துப் போடும் முன்னால் இரண்டு கேள்விக்குப் பதில் வாங்குங்கள். அப்பாவுக்குக் கிருமி இருக்கிறதா, பார்த்தார்களா? அப்பா எந்த வலி மாத்திரை போடுகிறார்? நின்று நின்று தறி ஓட்டுகிறவருக்கு முழங்கால் வலி இல்லாமல் இருக்காது.


சர்ஜரி வார்டு சிஸ்டர், பொள்ளாச்சி

ஐயா எழுதியதற்கு மேல் எனக்குச் சொல்லப் பெரிதாக இல்லை. ஆனாலும் 31 வருடம் அரசு ஆஸ்பத்திரி சர்ஜரி வார்டில் இருந்தவள் என்பதால் சில விவரங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் ஆபரேஷன் நாள் பட்டியலில் குடல்புண் இல்லாத வாரம் கிடையாது. வேகாட்டமி ஜி.ஜே, வேகாட்டமி ஜி.ஜே என்று வரிசையாக இருக்கும். ஐயாவுக்குச் செய்தது போல நரம்பை வெட்டிப் புது வாசல் வைப்பதுதான் அது. சிலருக்கு இரைப்பையின் கீழ்ப்பகுதியையே எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு இணைப்பார்கள், அதை பில்ராத் என்று எழுதுவோம். 1881-ல் வியன்னாவில் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்த டாக்டரின் பெயர் அது. நான் ஓய்வு பெறும்போது அந்தப் பட்டியலில் குடல்புண்ணே இருக்காது. ராத்திரி கேஸாக ஓட்டை விழுந்து வருகிறவர்கள்தான், திருப்பூர் தம்பி மாதிரி. அமிலத்தைக் குறைக்கிற மாத்திரைகளும் கிருமி மருந்தும் வந்த பிறகு அப்படி மாறிவிட்டது.

ஆபரேஷன் செய்தால் திரும்ப வராதா என்று கேட்டால், வரும். நரம்பை வெட்டி வாசல் வைத்தவர்களில் 100-க்குச் சுமார் 10 பேருக்குப் புண் திரும்பியது. நரம்போடு இரைப்பையின் கீழ்ப்பகுதியையும் எடுத்தால் அது ஒன்று, இரண்டு பேராகக் குறையும். ஆனால் ஆபரேஷனின் ஆபத்தும் கூடும், ஐயா சொன்ன டம்பிங்கும் சத்துக்குறைவும் கூடும். பாதி இரைப்பை எடுத்தவர்களுக்கு 15, 20 வருடம் கழித்து மிச்ச இரைப்பையில் புற்று வரும் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். கிருமியால் வந்த புண்ணுக்கு அமில மாத்திரை மட்டும் கொடுத்து நிறுத்தினால், ஒரு வருடத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்பும். கிருமியை ஒழித்துவிட்டால் மிகச் சிலருக்கே திரும்பும். உங்கள் அப்பாவுக்கு ஆறிய புண் ஏன் திரும்பியது என்பதற்குப் பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். அம்மா மிளகாயை நிறுத்தியது அன்பினால், ஆனால் புண்ணை உண்டாக்கியது மிளகாய் இல்லை.

பரிசோதனையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பான்டோபிரசோல் மாதிரி அமில மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதும், ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போதும் எடுத்த பரிசோதனையில், கிருமி இருந்தாலும் இல்லை என்று வரலாம். இருக்கிறது என்று வந்தால் நம்புங்கள். இல்லை என்று வந்தால் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் போய் ஒரு மாதம்தான் ஆகிறது, டாக்டர் நாள் குறித்துச் சொன்னால்தான் நிறுத்த வேண்டும். மருந்து முடித்து நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ கட்டாயம் வேண்டும். மாத்திரை முடிந்தது, வலி போனது என்று இதை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். சில ஆன்டிபயாடிக்குக்கு இந்தக் கிருமி நம் நாட்டில் இப்போது அடங்குவதில்லை, அப்படியானால் வேறு மருந்துகளோடு இன்னொரு சுற்று.

கிருமியும் இல்லை, வலி மாத்திரையும் இல்லை, அப்படியும் வருகிறது என்றால் ரத்தத்தில் கேஸ்ட்ரின் என்கிற ஹார்மோனின் அளவு பார்க்க வேண்டும். கேஸ்ட்ரினைச் சுரக்கும் சின்னக் கட்டி எங்காவது இருந்தால் அமிலம் கட்டுக்கடங்காமல் சுரக்கும். அரிது, ஆனால் மூன்று தடவை வந்தவருக்கு அதையும் யோசிப்பார்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் ஆபரேஷன் தேவைப்படும் இடங்கள் உண்டு. எண்டோஸ்கோப்பியில் நிற்காத ரத்தம், ஓட்டை, பலூன் வைத்து விரித்தும் திறக்காத அடைப்பு, புற்று என்று சந்தேகம். அப்போது தயங்கக் கூடாது. சர்ஜனிடம் பயப்படாமல் கேளுங்கள்: எந்த ஆபரேஷன், எதை வெட்டுகிறீர்கள், எதை விடுகிறீர்கள், அப்புறம் எந்தச் சத்தைக் கவனிக்க வேண்டும்? நல்ல சர்ஜன் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டு மேசையில் காட்டிவிடுங்கள்.

நொய்யல்கரைக்காரர் சொன்ன மணத்தக்காளியைத் தாராளமாகச் சமையுங்கள், நல்ல கீரை. மருந்துக்குப் பதிலாக வேண்டாம்.


தறிவீட்டுப் பெண், பல்லடம்

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஐயா, நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு அன்று ராத்திரியே பதில் கிடைத்தது. அப்பாவிடம் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்றார். நான் தறிக்குடோனுக்குப் போய், நூல் சுற்றுகிற தார்க்குச்சி போட்டு வைக்கிற டப்பாவைக் கவிழ்த்தேன். அடியில் காலி அட்டைகள். எண்ணினேன், பதினேழு. அசிக்ளோஃபெனாக். முழங்கால் வலிக்கு ராத்திரி ஒன்று, வலி கூடினால் இரண்டு. வெறும் டீயோடு. மூன்று வருடமாம். புண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். பக்கத்துத் தறி ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

பழைய ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். முதலாவதில் கிருமிப் பரிசோதனை செய்ததாகவே இல்லை. இரண்டாவதில் இல்லை என்று இருக்கிறது, ஆனால் அப்போது அவர் மூன்று வாரமாக அமில மாத்திரையில் இருந்தார். சிஸ்டர் எழுதியதைத் தாளில் குறித்துக்கொண்டு சர்ஜனிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "சரி, முதலில் இதைப் பார்த்துவிடுவோம், ஆபரேஷன் பேச்சு அப்புறம்" என்றார். மலப் பரிசோதனை எழுதினார். மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே கிருமி இருக்கிறது என்று வந்துவிட்டது.

இப்போது நான்கு விதமான மருந்து, 14 நாள். முழங்காலுக்கு பாராசிட்டமாலும் உடற்பயிற்சியும் மட்டும். ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து மலம் மறுபடியும் கறுப்பாகப் போகிறது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்கிறார். சிஸ்டர், பார்த்தால் உடனே சொல்லுங்கள்.


சர்ஜரி வார்டு சிஸ்டர், பொள்ளாச்சி

மருந்துச் சீட்டில் பிஸ்மத் என்று இருக்கிறதா பாருங்கள் கண்ணு. இருந்தால் அது மலத்தைக் கறுப்பாக்கும், நாக்கையும் கறுப்பாக்கும். இரும்பு மாத்திரையும் அப்படித்தான். ரத்தத்தால் வரும் கறுப்பு, நீங்களே எழுதினீர்களே, அந்தத் தார்: ஒட்டும், மினுமினுக்கும், நாற்றம் வீட்டையே தூக்கும். மருந்துக் கறுப்பு தண்ணீர் ஊற்றினால் போய்விடும், அந்த நாற்றமும் இருக்காது. அப்பாவுக்குத் தலைசுற்றல், படபடப்பு, வேர்வை இருந்தால் இதையெல்லாம் யோசிக்காமல் கூட்டிப்போய்விடுங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் டாக்டருக்குப் போன் போட்டு ஒரு ஹீமோகுளோபின் பார்த்துவிட்டால் அம்மாவுக்கு நிம்மதி.


தறிவீட்டுப் பெண், பல்லடம்

பிஸ்மத்தான் சிஸ்டர். நாக்கும் கறுப்பு, நாவல்பழம் தின்ற மாதிரி. தண்ணீர் ஊற்றியதும் போய்விடுகிறது. ஆனாலும் நேற்று ரத்தம் பார்த்தோம், 10.4. ஏறியிருக்கிறது.


வாய்க்கால்மேட்டு விவசாயி, கோபி

இப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது அம்மிணி. நாலு வாரம் கழித்துப் பார்க்கிற பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்புறம், அம்மாவிடம் சொல்லி அப்பாவுக்கு அரிசியும் பருப்பும் சாதத்தில் இரண்டு வரமிளகாய் தாளித்துப் போடச் சொல்லுங்கள். ஆறு வருடம் மோர்ச்சோறு தின்றிருக்கிறார், பாவம்.


தறிவீட்டுப் பெண், பல்லடம்

மருந்து வருகிற புதன்கிழமை முடிகிறது ஐயா. அங்கிருந்து நாலு வாரத்தை எண்ணி, அதில் கடைசி இரண்டு வாரம் அமில மாத்திரையை எப்படி நிறுத்துவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். ராத்திரி ஷிப்டுக்குச் சோமனூரிலிருந்து ஒரு அண்ணன் வர ஒத்துக்கொண்டிருக்கிறார், ஒன்றாம் தேதியிலிருந்து. அப்பா நேற்று சாதத்துக்கு மிளகாய் கேட்டார். அம்மா ஒன்றே ஒன்றைத் தாளித்து, அதையும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பரிமாறினார்.